புதுப்பிப்பு: பரணில் கிடந்த 11 பெட்டிகள்

வீடு மாறியதிலிருந்து பிரிக்காமலே பரணில் கிடக்கும் பெட்டிகளை என்ன செய்வது என்று 3 மாதம் முன்பு கேட்டிருந்தேன். "திறக்காமலே கொடுத்துடுங்க" என்றார்கள் பலர். மனசு வரவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

8 பெட்டி சுலபமாகவே முடிந்தது. ஒன்றில் மட்டும் துணிகளுக்கு நடுவே உப்பிப்போன பழைய போன் பேட்டரி. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் ஒருமுறை பாருங்கள், தயவுசெய்து.

அம்மாவின் பெட்டிதான் கஷ்டம். 5 மூக்குக்கண்ணாடிகள். ஒன்றில் திருகு விழுந்த இடத்தில் கறுப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். அதை வைத்துக்கொண்டேன். மற்ற நான்கையும் கொடுத்துவிட்டேன்.

கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உதவியது. கோப்பை ஒன்றைக் கையில் பெற்றவர்கள், அதை விற்கக் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அதுவும் கோப்பை அவர்களுடையதாகிச் சற்று நேரத்திலேயே! அதிலிருந்து "தூக்கிப்போடலாமா?" என்று கேட்பதை விட்டேன். "என்னிடம் இல்லாவிட்டால் இன்று தேடி வாங்குவேனா?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் கை தானாக விட்டுவிடுகிறது.

மிச்சம் 2 பெட்டி, எல்லாம் போட்டோக்கள். தம்பி அடுத்த வாரம் வருகிறான். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.