நிறமாலைக் கோடுகள்: சி.டி.எம்.எஸ்., ஜே.பி.எல்., ஸ்ப்ளாட்டலாக் மூன்றையும் ஒரே அட்டவணையில் சேர்க்க முடியுமா?

மிமீ_அலை:
ஆல்மா வானொலித் தொலைநோக்கியின் 3ஆம் பட்டையில் (84–116 கிகாஹெர்ட்ஸ்) கோடுகளை அடையாளம் காண, தலைப்பில் சொன்ன மூன்று மூலக்கூறு நிறமாலைத் தரவுத்தளங்களையும் இறக்கி ஒன்றாக ஒட்டினேன். ஒரே கோடு இரண்டு மூன்று தடவை வருகிறது. 0.1 மெகாஹெர்ட்ஸுக்குள் இருப்பவற்றை ஒன்றாக்கினால், நெருங்கிய மீநுண் கூறுகளும் (அணுக்கருச் சுழற்சியால் ஒரு கோடு பிரிந்து வரும் துணைக்கோடுகள்) காணாமல் போகின்றன. சில வரிகள் பைத்தானில் படிக்கும்போதே உடைகின்றன. ஹைட்ரஜன் சயனைடின் தூண் அடர்த்தியோ (பார்வைக் கோட்டில் ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை) 3 மடங்கு அதிகமாக வருகிறது. எங்கே கோட்டைவிட்டேன்?

நிலையகலம்:
வரி உடைவது இடைவெளியை வைத்துப் பிரிப்பதால். சி.டி.எம்.எஸ்., ஜே.பி.எல். கோப்புகள் நிலையான அகலம் கொண்டவை: அதிர்வெண் 13 எழுத்து, பிழை (அதிர்வெண்ணின் நிச்சயமின்மை) 8, செறிவின் மடக்கை 8, சுழற்சியின் சுதந்திரப் படிகளின் எண்ணிக்கை 2, கீழ்நிலை ஆற்றல் 10, மேல்நிலையின் புள்ளியியல் எடை 3, மூலக்கூறு எண் (தரவுத்தளம் தரும் அடையாள எண்) 7, குவாண்டம் எண்களின் வடிவக் குறி 4. பிறகு இரண்டிரண்டு எழுத்தாகப் பன்னிரண்டு குவாண்டம் எண்கள், முதல் ஆறு மேல்நிலைக்கு. வடிவக் குறி நான்கு இலக்கமானால் மூலக்கூறு எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அகலத்தை வைத்தே வெட்டுங்கள்.

இன்னும் இரண்டு பொறிகள். பிழை எதிர்மறையாக இருந்தால் அதிர்வெண் மெகாஹெர்ட்ஸில் இல்லை, செ.மீ⁻¹-இல். மூலக்கூறு எண் எதிர்மறை என்றால் ஆய்வகத்தில் அளந்த கோடு. ஒப்பிடுமுன் குறியை நீக்கி, அந்தத் தகவலைத் தனிப் பத்தியில் வையுங்கள்.

கியூ_300:
3 மடங்கு வருவது நைட்ரஜனின் வேலை. அதன் அணுக்கருச் சுழற்சி 1, ஆகவே எடை 3. ஹைட்ரஜன் சயனைடுக்கு 300 கெல்வினில் பார்ட்டிஷன் ஃபங்ஷன் (எல்லா ஆற்றல் நிலைகளின் எடையிட்ட கூட்டுத்தொகை), நைட்ரஜனைக் கணக்கில் எடுக்காவிட்டால் சுமார் 141, எடுத்தால் சுமார் 424. 1–0 கோட்டின் (சுழற்சி நிலை 1-இலிருந்து 0-க்கு இறங்கும் கோடு) மேல்நிலை எடையும் அதேபோல 3 அல்லது 9. நீங்கள் 424-ஐ ஓரிடத்திலிருந்தும் 3-ஐ வேறிடத்திலிருந்தும் எடுத்திருப்பீர்கள். இரண்டும் ஒரே பதிவிலிருந்து வரவேண்டும். இது பேரம் பேசும் விஷயமல்ல.

இணைப்புக்கு முன் செறிவை ஐன்ஸ்டைன் ஏ-ஆக (தன்னிச்சையாக ஒளி உமிழும் வீதம்) மாற்றிவிடுங்கள். அது வெப்பநிலையைச் சாராது. சரிபார்க்க கார்பன் மோனாக்சைடு 1–0 போதும்: 115271.2018 மெகாஹெர்ட்ஸ், செறிவின் மடக்கை −5.0105, எடை 3, பார்ட்டிஷன் ஃபங்ஷன் 108.865. விடை 7.203×10⁻⁸ நொடி⁻¹ வராவிட்டால் நிரலில் பிழை. ஹிட்ரான் தரவுத்தளத்தையும் சேர்ப்பதானால் கவனம்: அதன் செறிவு 296 கெல்வினுக்கானது, ஐசோடோப்பு விகிதமும் அதற்குள்ளேயே பெருக்கப்பட்டிருக்கும்.

மிமீ_அலை:
424, 3 என்றுதான் இருக்கிறது. நன்றி. இரட்டைப் பதிவுக்கு?

இன்ச்சி_சாவி:
முதலில் ஸ்ப்ளாட்டலாக்கை இணைப்பிலிருந்து எடுங்கள். அது மற்ற இரண்டையும் ஏற்கெனவே உள்ளே வைத்திருக்கும் தொகுப்பு. பெயர் அகராதியாக மட்டும் உதவும். கார்பன் மோனாக்சைடு சி.டி.எம்.எஸ்.-இல் 28503, ஜே.பி.எல்.-இல் 28001 என்பதால் அந்த எண்களை வைத்தும் பொருத்த முடியாது. வாம்டிசி (பல தரவுத்தளங்களை இணைக்கும் வலையமைப்பு) பயன்படுத்தும் இன்ச்சி சாவியை, அதாவது மூலக்கூறின் கட்டமைப்பிலிருந்து உருவாக்கும் அடையாளக் குறியை, எடுங்கள், ஐசோடோப்பு மாறினால் அதுவும் மாறும். ஆனால் ஆர்த்தோ, பாரா பேதமும் (அணுக்கருச் சுழற்சிகள் சேரும் விதத்தால் வரும் வேறுபாடு) அதிர்வு நிலையும் அதற்குத் தெரியாது. எனவே சாவி, அதிர்வு நிலை, மேல், கீழ் இரு நிலைகளின் குவாண்டம் எண்கள் எல்லாம் ஒத்தால்தான் ஒரே கோடு. அதிர்வெண் வெறும் சரிபார்ப்புக்கு.

எதை வைத்துக்கொள்வது? அளந்ததை. இரண்டும் கணித்தவை என்றால் சிறிய பிழையைக் கண்ணைமூடி நம்பாதீர்கள். அளந்த குவாண்டம் எண்களைத் தாண்டிப் போகும்போது பட்டியலில் தந்திருக்கும் பிழை அளவு பெரும்பாலும் உண்மையானதைவிடக் குறைவாகவே இருக்கும்.

நிலையகலம்:
அதிர்வெண் பத்தி 64 பிட்டாக இருக்கட்டும். 115271 மெகாஹெர்ட்ஸ் அருகே 32 பிட் எண்களின் இடைவெளியே 0.0078 மெகாஹெர்ட்ஸ், மேலே சொன்ன கோட்டின் பிழை 0.0005தான்.