செதுக்கிய நாற்காலி ஒரு நாட்டின் அடையாளம் ஆகுமா?

கேள்வி: உளியோசை
நார்வேயின் டிராகன் பாணி மரச்சாமான்களைப் பற்றிப் படித்துவருகிறேன். ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நாற்காலியின் சாய்மானத்தில் ஏறும் அந்த விலங்குருவங்கள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடஐரோப்பியக் கடலோடிகள் வாழ்ந்த வைக்கிங் காலத்தை நினைவூட்டுபவை. நாற்காலிகளோ பெரும்பாலும் 1880-களுக்குப் பின் செய்யப்பட்டவை. இவ்வளவு இடைவெளிக்குப் பிறகு மீட்டெடுத்ததை ஒரு நாட்டின் அடையாளம் என்று ஏற்கலாமா?

மறுமொழி: வைரமரம்
தாராளமாக ஏற்கலாம் என்பேன். 1814 முதல் 1905 வரை நார்வே சுவீடன் மன்னரின் கீழ் இருந்தது. தனி அடையாளத்துக்கான ஏக்கத்தின் நடுவே, 1880-இல் வைக்கிங் காலத்துக் கோக்ஸ்டாட் கப்பல் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டபோது, தங்களுக்கென ஒரு பழமை உண்டு என்பதற்கு மக்கள் கண்முன்னே சான்று கிடைத்தது. அதோடு, மரச்செதுக்கு அங்கே முற்றிலும் அற்றுப்போகவும் இல்லை. ஊர்ப்புற வீடுகளில் ‘குப்பெஸ்டோல்’ என்ற நாற்காலி உண்டு. ஒரே அடிமரத்தை எடுத்து, மேற்பாதியில் முன்பக்கத்தை வெட்டி நீக்கி, மரத்தின் இயல்பான வளைவையே முதுகு சாயும் இடமாக விட்டுவிடுவார்கள். காயும்போது வெடிக்காமலிருக்க உள்ளே குடைந்துவிடுவதும் உண்டு. எனக்கு டிராகன்களைவிட இந்த வளைவுதான் பெரிது.

மறுமொழி: நிழற்கொடி
உருவத்தை மட்டும் பார்த்தால் போதாது, புழக்கத்தையும் பார்க்க வேண்டும். இன்றைய கானாவில் வாழும் அசாந்தே மக்களின் இருக்கையும் ஒரே மரத்துண்டில் செதுக்கப்படுவதுதான். உட்கார்ந்திருந்தவர் எழுந்ததும் அதைப் பக்கவாட்டில் சாய்த்துவைப்பார்கள். உரியவரின் ஆன்மா உறையும் இடத்தில் வேறோர் ஆவி அமர்ந்துவிடக் கூடாது என்பது நம்பிக்கை. அவர்களுடைய பொன் இருக்கையோ அந்த இனம் முழுவதற்கும் உயிர் போன்றது. அரசர்கூட அதில் அமர்வதில்லை. 1900-இல் ஆங்கிலேய ஆளுநர் ஹாட்சன் அதைத் தாம் அமர்வதற்குக் கொண்டுவரச் சொன்னதும், யா அசாந்தேவா என்ற அரசியின் தலைமையில் போர் மூண்டது. போரில் வென்ற ஆங்கிலேயரின் கைக்கும் அந்த இருக்கை சிக்கவில்லை.

மறுமொழி: உளியோசை
இருவருக்கும் நன்றி. உருவம் எந்தக் காலத்தது என்பதிலேயே நின்றுவிட்டேன். குப்பெஸ்டோல் வீட்டில் யாருக்கென்று ஒதுக்கப்பட்டது, அதை எங்கே வைத்தார்கள் என்பது பற்றி வைரமரம் அறிந்திருந்தால் எழுத வேண்டுகிறேன். செதுக்கலின் பொருள் அதில்தான் பிடிபடும் என்று தோன்றுகிறது.