கஸ்டம் பெயிண்ட் அடிச்ச வண்டி: நீங்க பார்த்த சேதம் என்ன? (ஒவ்வொரு பதிலுக்கும் மேல இருக்கிறது எழுதினவரோட புனைப்பெயர்)

மதுரை புல்லட்
டேங்க்ல ஏர்பிரஷ் கழுகு. பெட்ரோல் மூடியைச் சுத்தி ஒரு விரல் அகலத்துக்கு க்ளியர் கோட் (கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத பூச்சு) பாலாடை மாதிரி சுருங்கி நின்னுச்சு. நகம் பட்டதும் இறக்கை நுனி க்ளியரோட சேர்ந்து உரிஞ்சு வந்துடுச்சு. அந்த உரிஞ்ச இடம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

பங்க்ல நாசிலை வெளிய எடுக்கும்போது பெட்ரோல் சொட்டுறது இதுக்கு ஒரு காரணம். கழுத்து வரைக்கும் நிரப்பி வெயில்ல நிறுத்தினா பெட்ரோல் விரிஞ்சு மூடி வழியா கசியறது இன்னொண்ணு. கழுத்துக்கு ஒரு இன்ச் கீழயே நிறுத்தச் சொல்லுங்க. சொட்டிடுச்சுன்னா துணியால தேய்க்காதீங்க, தூசியும் சேர்ந்து கீறும். ஒத்தி எடுத்துட்டு உடனே தண்ணி ஊத்துங்க.

ஹார்டனர்
மதுரை, பெட்ரோல் மேல மட்டும் பழி போட முடியாது. ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கிற திரவம்) கலந்த பி.யூ. (பாலியூரிதேன்) க்ளியர் நல்லா காய்ஞ்சிருந்தா, நாலு சொட்டு பெட்ரோலுக்கெல்லாம் சுருங்காது. நீங்க பார்த்தது ஹார்டனர் கலக்காத லேக்கராவோ ஸ்ப்ரே கேன் க்ளியராவோதான் இருக்கணும்.

சோதிக்கிறது சுலபம். சீட்டுக்கு அடியில டேங்க் மறையிற இடத்துல, வெள்ளைத் துணியில பெயிண்ட் கரைக்கிற தின்னரைக் கொஞ்சம் தொட்டு பத்து செகண்ட் வைங்க. மேல்பரப்பு பிசுபிசுன்னு ஆனாலோ துணியில கலர் வந்தாலோ ஹார்டனர் இல்ல.

இன்னொரு விஷயம் பெரும்பாலும் யாரும் பார்க்கிறதில்ல. மூடி வாஷர் உட்கார்ற விளிம்போட பெயிண்டர் மாஸ்கிங் டேப் ஒட்டி நிறுத்திடுவார். அந்த ஓரத்துல க்ளியர் முடியிற கோட்டுக்கு அடியில பெட்ரோல் நுழைஞ்சு, நல்ல பி.யூ.வைக்கூட தூக்கிடும். க்ளியர் வாஷருக்கு உள்பக்கம் வரைக்கும் போகணும்னு அடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். டேங்கோட சமமா உட்கார்ற மூடின்னா, அதுல தண்ணி வடியிற சின்ன ஓட்டை அடைச்சிருக்கான்னும் பாருங்க. அடைச்சிருந்தா சொட்டின பெட்ரோல் குழியிலயே தேங்கும்.

சேலம் மேட்
ஆயுத பூஜைக்கு மேட் பிளாக் (பளபளப்பு இல்லாத கறுப்பு) டேங்க் நடுவுல மஞ்சள், சந்தனம், குங்குமம். மறுநாள் துடைச்சப்போ பொட்டு போச்சு, மஞ்சள் வட்டம் போகல. கடையில பாலிஷ் போட்டுத் தேய்ச்சாங்க. கறை மங்கினது, ஆனா உள்ளங்கை அளவுக்குப் பளபளன்னு ஒரு திட்டு நின்னுடுச்சு. அதுதான் பெரிய சேதம்.

மேட்டுக்கு அந்தத் தன்மை வர்றதே க்ளியர் மேல இருக்கிற நுண்ணிய சொரசொரப்பாலதான். பாலிஷும் காம்பவுண்டும் அதைச் சமமாக்கிடும். திருப்பிக் கொண்டுவர முடியாது, அந்த பாகம் முழுக்க திரும்ப அடிக்கணும். வாக்ஸும் வேண்டாம். காரம் இல்லாத ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணி, அழுத்தாம துடைக்கிறது, அவ்வளவுதான். முட்டி உரசுற இடத்துல ஒளி ஊடுருவுற படலம் ஒட்டுங்க. பொட்டை ஹெட்லைட் கண்ணாடியில வைக்கலாம்.

பட்டி & பிரைமர்
மேட்டுக்குச் சொன்னது சரி. ஆனா பளபளப்பான கிளாஸி பெயிண்டை அதிகம் கெடுக்கிறது பாலிஷ் போடுற பஃபிங் மெஷின். நான் பார்த்தது சிவப்பு கேண்டி (மினுங்குற பேஸ் மேல ஒளி ஊடுருவுற கலர்), ஓரத்துல தங்கத் தகடு பின்ஸ்ட்ரைப், அதாவது மெல்லிய கோடு. மெஷின் ஓடி நின்னதும் கம்பளிப் பேட்ல தங்கம் மினுங்குச்சு. கோட்டுல பாதி காணோம்.

யாரும் கேக்கலைன்னாலும் இதைச் சொல்லியே ஆகணும். க்ளியர் மொத்தமே சுமாரா 50 மைக்ரான்தான். கோடு, ஸ்டென்சில் விளிம்பு, டேங்க் மடிப்பு, இங்கெல்லாம் அதைவிட மெலிசு. அந்த ஓரங்கள்ல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டுத்தான் மெஷின் வைக்கணும். கம்பளி வேண்டாம், மெத்துன்னு இருக்கிற ஃபோம் பேட், குறைஞ்ச வேகம். டேங்க் தொட்டா சுடுதுன்னா நிறுத்திடணும். 2000 நம்பர் வாட்டர் பேப்பர் ஆழமான கீறலுக்கு மட்டும்தான், அதுவும் கையாலதான்.

கேண்டியில டச்சப் கிடையாது. வெள்ளி இல்ல தங்க பேஸ் மேல ஒளி ஊடுருவுற கலர் எத்தனை கோட்டோ, அந்த அளவுக்குத்தான் நிறம் வரும். ஒரு இடத்துல மட்டும் அடிச்சா கருஞ்சிவப்பா திட்டு தெரியும். பேஸ் நிறம், கோட் எண்ணிக்கை, கலவை அளவு எல்லாத்தையும் பெயிண்டர்கிட்ட எழுதி வாங்கி வைங்க. அடிச்ச முதல் மாசம் வாக்ஸ், டேங்க் கவர் ரெண்டும் வேண்டாம். உள்ள இருக்கிற தின்னர் வெளியேறணும். அதுக்கப்புறமும் கவருக்கு அடியில மணல் சிக்கினா, வண்டி அதிர்ற அதிர்வுலயே தேய்ச்சிடும்.

வாட்டர் சர்வீஸ்ல டீசல் அடிக்க விடாதீங்க. எண்ணெய்ப் படலத்துல புழுதி ஒட்டும், அதை அடுத்தவாட்டி துணியால இழுக்கும்போது வட்ட வட்டமா கீறல் விழும்.

மதுரை புல்லட்
ஹார்டனர், நீங்க சொன்ன தின்னர் சோதனையைப் பண்ணச் சொல்லிப் பார்த்தாச்சு. துணி ஒட்டுது. அப்போ அந்த கழுகு மேலயே பி.யூ. அடிக்கலாமா?

ஹார்டனர்
நேரா அடிக்காதீங்க. பி.யூ.ல இருக்கிற தின்னர் அடியில இருக்கிற லேக்கரைத் தூக்கி, படம் முழுக்க சுருங்கிடும். மூடியைச் சுத்தி ஏற்கனவே தூக்கினதையும் மூட முடியாது. பெயிண்டை டேங்க் தகடு வரைக்கும் எடுத்துட்டு, முதல் பூச்சான எப்பாக்ஸி பிரைமர்ல இருந்து தொடங்கணும். கழுகைத் திரும்ப வரையத்தான் வேணும். எடுக்கிறதுக்கு முன்னாடி நல்ல வெளிச்சத்துல எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வைங்க.