மண்டேலா ஏன் இரண்டாவது முறை நிற்கவில்லை?

1994இல் தென்னாப்பிரிக்காவின் அதிபரானார். சட்டம் இன்னொரு ஐந்து ஆண்டுக்கு இடம் கொடுத்தது, மக்களும் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் 1999இல் விலகிவிட்டார். நினைத்தாலே மனசு நெகிழ்கிறது. வயதுதான் காரணமா?

பதில்: வயதும்தான். பதவியேற்றபோதே 75. அன்றாட நிர்வாகத்தைத் துணை அதிபர் இம்பெக்கி பெரும்பாலும் கவனித்து வந்தார். பக்கத்து ஜிம்பாப்வேயில் அதிபர் முகாபே 2017 வரை நாற்காலியை விடவில்லையே!

பதில்: சிறுவயதில் வளர்ந்த குனு கிராமத்தில் மண்டேலா கட்டிய வீட்டைப் பாருங்கள். கடைசியாகச் சிறையிருந்த விக்டர் வெர்ஸ்டர் சிறை வளாகத்து வீட்டின் அதே அமைப்பு. ராத்திரியில் சமையலறையைத் தேடி அலைய வேண்டாம் என்று அப்படிக் கட்டினாராம். திரும்பிப் போக இடத்தை முன்பே தயார் செய்துவிட்ட மனிதர்.

கேட்டவர்: சரி, அந்த வீட்டுக் கதை இப்போதுதான் தெரியும். ரொம்ப நன்றி.