பவளம் வெளுத்தால் கஹாங்கில் வேன் நிற்கிறது

கஹாங் வேன்காரர்:

கடல் எங்கே, நம் செம்பனைத் தோட்டம் எங்கே என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். மலேசியாவின் ஜொகூரில், குளுவாங்கிலிருந்து கடற்கரை ஊரான மெர்சிங் போகிற சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. பள்ளி விடுமுறை வந்தால் தியோமான் தீவுக்குப் போகிற குடும்பங்களை மெர்சிங் படகுத்துறையில் இறக்கிவிடுவதுதான் என் பிழைப்பு. அப்பாவுக்குக் குலை வெட்டு, எனக்கு வேன்.

2024 நடுவில் அது ஆட்டம் கண்டது. கடல் பூங்காக்களில் பவளம் 50 சதவீதத்துக்கு மேல் வெளுத்துவிட்டதாக அந்த ஜூனில் மீன்வளத் துறை அறிவித்தது. முக்குளிக்க வருகிறவர்கள்தான் முதலில் கையை விரித்தார்கள். சும்மா கடற்கரையில் உட்கார அவர்கள் அவ்வளவு தூரம் வருவார்களா?

நானும் அந்தச் சமயம் தீவுக்குப் போனேன். கண்ணாடி மாட்டித் தலையைத் தண்ணீருக்குள் விட்டால், கிளைகிளையாகப் படர்ந்த பவளமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி. சில கிளைகளின் நுனியில் மட்டும் லேசாக நீலம். பார்க்க அழகாகக்கூட இருந்தது, அதுதான் கொடுமை. படகோட்டும் மலாய்ப் பெரியவர், நாங்கள் ‘பாச்சிக்’ (மாமா) என்று கூப்பிடுகிறவர், கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து “பானாஸ்” (சூடு) என்றார். அப்புறம் கரை சேரும்வரை பேசவில்லை.

அவர் அப்பா மீன் பிடித்தவர். 1994இல் தியோமானைக் கடல் பூங்காவாக்கியதும், தீவைச் சுற்றி இரண்டு கடல் மைலுக்குள் மீன் பிடிக்கத் தடை. வலையை விற்றுக் கடன் வாங்கிப் பயணிகள் படகுக்கு மாறினார்கள். இப்போது பவளமும் போனால் பழைய தொழிலுக்குத் திரும்பவும் வழியில்லை. பவளம் வெளுத்ததென்று படகுக்கடன் தவணை குறைவதில்லை.

பாலோவிலிருந்து ஓர் அக்கா:

அண்ணே, எங்கள் வீட்டுக் கதையும் இதுதான். என் அக்கா மகன் தீவில் ஒரு விடுதியின் சமையலறையில் வேலை செய்தான். வடகிழக்குப் பருவமழையில் தீவே கதவடைத்துவிடும், அதனால் மார்ச்சிலிருந்து அக்டோபருக்குள் சம்பாதிப்பதுதான் வருடச் சம்பாத்தியம். நடுவில் ஆள் வரத்துக் குறைந்தால் அதை மழைக்காலத்தில் எங்கே ஈடுகட்டுவது? நாள் சம்பளம், சேமநிதியும் கிடையாது. முதலில் வேலை நாள்களைக் குறைத்தார்கள், பிறகு ‘கூப்பிடுகிறோம்’ என்று அனுப்பிவிட்டார்கள். அவன் அனுப்பும் பணத்தில்தான் அக்காவின் சர்க்கரை மருந்து. தோட்டத்தில் கேட்டால் அந்த இடத்தில் இந்தோனேசியா, வங்காளதேச ஆட்கள். இப்போது பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கோழி பொரிக்கிறான். கெட்டிக்காரன், பிழைத்துக்கொள்வான். ஆனால் அவன் படிக்க நினைத்தது முக்குளிக்கும் பயிற்சி.

குளுவாங், ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டக் கங்காணி):

தம்பி சொல்வது புதிதில்லை. 2010லேயே இப்படித்தான், தியோமான், ரெடாங், பாயார் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை ஜூலையிலிருந்து அக்டோபர் கடைசிவரை மூடினார்கள். அப்போதும் எல் நினோ வெயில்தான், அதாவது பசிபிக் கடல் சூடேறி வானிலையே மாறுகிற காலம். கோடையின் வழக்கமான சூட்டைவிடக் கடல் ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் இருந்தாலே போதும், பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். நிறமும் அதனால்தான், பெரும்பங்கு சாப்பாடும் அதனால்தான். உடனே சாகாது, பட்டினி கிடக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும்.

ஆனால் எல்லாப் பழியையும் வெயில் மேல் போடாதீர்கள். விடுதிக் கழிவுநீரை அப்படியே கடலில் விட்டால் பாசி பெருகி, பிழைக்க இருந்த பவளத்தையும் மூடிவிடும். நங்கூரத்தைப் பவளத்தின் மேலேயே போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். உலகச் சூட்டைக் குறைக்க மெர்சிங்கில் ஒருவராலும் முடியாது, கழிவுநீரைச் சுத்தம் செய்ய முடியும்.

தோட்டத்துக்கு இதில் பங்கில்லை என்றும் நினைக்க வேண்டாம். கடலைச் சுட்ட அதே எல் நினோ வறட்சியில் செம்பனை ஆண் பூவாகத் தள்ளும். அந்த வருடம் ஒன்றும் தெரியாது. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துக் குலை குறையும்போதுதான் வெட்டுக்காரனின் சம்பளச் சீட்டில் தெரியும். கடற்கரைக்காரன் உடனே அடி வாங்குகிறான், நாம் தாமதமாக. தீவில் வேலை போய்த் தோட்டத்துக்குத் திரும்புகிற பையன் அந்த நேரத்தில் வந்து மாட்டுவான்.

கஹாங் வேன்காரர்:

ஐயா, கழிவுநீர் விஷயத்தைப் படகோட்டிகளே சொல்வார்கள், ஆனால் விடுதி முதலாளி காதில் விழாது, அவர்களுக்கு ஆள் அனுப்புவதும் அவரே. இந்த முறை பதிவு செய்ய அழைக்கிறவர்களிடம் பவளத்தின் நிலைமையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிலர் மனம் மாறி மலாக்கா போய்விடுகிறார்கள். பிள்ளைகளோடு வருகிறவர்கள் பெரும்பாலும், சரி, கடற்கரை போதும் என்கிறார்கள். அக்கா, உங்கள் பையன் எண்ணைத் தனியாக அனுப்புங்கள். பாச்சிக்கிடம் கேட்டுப் பார்க்கிறேன், பயிற்சிக்கு ஆள் எடுப்பவர்களை அவருக்குத் தெரியும்.