வேலையை எத்தனப்படுத்தி வீட்டைக் கட்டுவதா, முதலாவது ராஜ்யத்தைத் தேடுவதா?

காத்திருப்பவன் (கேள்வி):

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். பத்து ஆண்டுகளாக வேலை பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் ஊழியத்தில் துணைநின்று வரும் எனக்கு, வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகவேண்டும் என்ற பாரம் சில மாதங்களாக இருக்கிறது. வீட்டுக் கடனில் இன்னும் இரண்டு ஆண்டுத் தவணை பாக்கி. பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள்.

சபை மூப்பர் ஒருவர், “வெளியில் உன் வேலையை எத்தனப்படுத்தி, வயலில் அதை ஒழுங்காக்கி, பின்பு உன் வீட்டைக் கட்டு” என்ற நீதிமொழிகள் 24:27-ஐ வாசித்துக் காட்டி, கடனை முடித்துவிட்டு வா என்கிறார். ஜெபக்குழு நண்பரோ “முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்” என்ற மத்தேயு 6:33-ஐ எடுத்துக்காட்டி, உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதே அவிசுவாசம் என்கிறார். ஒரு வசனத்தைக் கொண்டு இன்னொரு வசனத்தை அடிக்க எனக்கு மனமில்லை. இந்த இரண்டையும் சேர்த்து வாசிப்பது எப்படி?

ஏர்முனை:

சகோதரரே, முதலில் நீதிமொழிகளின் வசனத்தை அது பிறந்த நிலத்தில் வைத்துப் பாருங்கள். இஸ்ரவேல் தேசத்தில் மாதக்கணக்கான வறண்ட கோடைக்குப் பின் முன்மாரி பெய்து மண் இளகினால்தான் ஏர் இறங்கும். அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டு வீட்டுச் சுவரை எழுப்பிக்கொண்டிருப்பவனுக்குச் சுவர் மிஞ்சும், தானியம் மிஞ்சாது. வீட்டை அடுத்த மாதமும் கட்டலாம். விதைப்புக்கு அப்படி அடுத்த மாதம் கிடையாது. ஆகவே எந்த வேலைக்குக் காலக்கெடு உண்டோ, எது மற்றதற்குச் சோறு போடுமோ, அதை முன்னால் வை என்பதே இங்குள்ள அறிவுரை. ரூத் 4:11-ல் ராகேலும் லேயாளும் இஸ்ரவேல் வீட்டைக் கட்டுவித்தார்கள் என்று வருவதைப்போல, “வீட்டைக் கட்டு” என்பது குடும்பத்தை நிலைநிறுத்துவதையும் குறிக்கக்கூடும்.

மூன்றே வசனம் தள்ளி, 30-ஆம் வசனத்திலிருந்து சோம்பேறியின் தோட்டம் வருகிறது. முள் மண்டி, காஞ்சொறி மூடி, கற்சுவர் இடிந்து கிடக்கிறது. இந்த இரண்டு பகுதிகளும் அருகருகே நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கடன் முற்றும் தீரும்வரை எதையும் தொடங்காதே என்று 27-ஆம் வசனம் சொல்லவில்லை. அந்த மட்டில் மூப்பர் வசனத்தைக் கொஞ்சம் இழுத்திருக்கிறார் என்றே சொல்லுவேன்.

பெரோயா வாசகி:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மத்தேயு 6:33-ல் “முதலாவது” என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘புரோட்டோன்’. அதே சொல் லூக்கா 14:28-லும் இருக்கிறது. கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் “முன்பு அவன் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப்பாராமலிருப்பானோ” என்னும் இடத்தில் அது “முன்பு” என்று தமிழில் வருகிறது. முதலாவது ராஜ்யத்தைத் தேடு என்றவரும், முதலாவது உட்கார்ந்து கணக்குப் பார் என்றவரும் ஒரே ஆண்டவர். கணக்குப் பார்ப்பது அவிசுவாசமானால், அதை உவமையில் புத்திசாலியின் செயலாக அவரே காட்டியிருக்கமாட்டார்.

மத்தேயுவில் அவர் விலக்குவது கவலையை. நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்பதற்கும், மார்த்தாளைப் பார்த்து நீ கவலைப்படுகிறாய் என்பதற்கும் (லூக்கா 10:41) மூலத்தில் ஒரே வினைச்சொல்தான். மார்த்தாளின் குறை அவள் சமைத்தது அல்ல என்பது என் எண்ணம். சமையல் அவளைப் பல பக்கமும் இழுத்து, வந்திருந்த விருந்தாளியாகிய இயேசுவையே அவள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. அதனால் 6:33-ன் “முதலாவது” யாருக்காக வாழ்கிறேன் என்பதைப் பற்றியது. நீதிமொழிகளின் “பின்பு” எந்த வேலைக்குப்பின் எந்த வேலை என்பதைப் பற்றியது.

ஆனால் மூப்பரின் பக்கத்துக்கு லூக்கா 14-ஐச் சாட்சியாக அழைக்கவும் எனக்குத் தயக்கம் உண்டு. அந்த உவமை முடியும் 33-ஆம் வசனத்தில், தனக்கு உண்டானவைகளையெல்லாம் வெறுத்துவிடாதவன் சீஷனாயிருக்கமாட்டான் என்கிறார். அங்கே எண்ணிப் பார்க்கச் சொன்ன செலவு சேமிப்புக் கணக்கைவிட மிகப் பெரியது.

திரும்பி வந்தவன்:

நான் உங்கள் நண்பர் சொன்னபடி செய்தவன். ஒரு கூட்டத்தின் முடிவில் எழுந்த உற்சாகத்தில், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். மூன்றாம் மாதம் நான் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்த மேசையின்மேல், வேதாகமத்துக்குக் கீழே பாதி மறைந்தபடி, தவணை தவறிய நோட்டீஸ் கிடந்தது. அந்த வாரப் பிரசங்கத்தின் தலைப்பு ‘கவலைப்படாதிருங்கள்’. எப்போதும் முன்வரிசையில் உட்காரும் என் மனைவி அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஓர் ஆண்டு கழித்து வேறொரு வேலையில் சேர்ந்தேன். அடகு வைத்த நகையை மீட்க அதற்குமேலும் காலம் பிடித்தது.

பிற்பாடு நெகேமியாவை வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கும் செய்தி, பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரனாயிருந்த அவனுக்குக் கிஸ்லேவு மாதத்தில் எட்டுகிறது. ராஜாவிடம் அவன் வாய் திறப்பதோ நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம் உபவாசமும் ஜெபமும். எத்தனை நாள் செல்லும் என்று ராஜா கேட்டவுடன் அவனால் காலத்தைக் குறித்துச் சொல்ல முடிந்தது. வழிக்குக் கடிதங்களும், வாசல்களுக்கு மரம் தரும்படி வனக்காவலன் ஆசாபுக்கு ஒரு கடிதமும் வேண்டுமென்று கேட்கவும் முடிந்தது. இவையெல்லாம் அந்த நிமிஷத்தில் தோன்றியவை அல்ல. எருசலேமுக்குப் போன பிறகும் மூன்று நாள் பொறுத்து, இராத்திரியில் சிலரோடு அலங்கத்தைச் சுற்றிப் பார்த்த பின்பே ஜனங்களிடம் பேசினான். அலங்கம் 52 நாளில் எழும்பியதைப் பிரசங்கிக்கும் நாம் அந்த நான்கு மாதத்தைப் பிரசங்கிப்பதில்லை. மனைவியிடம் கேட்டீர்களா, சகோதரரே? உங்கள் கேள்வியில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நுகத்தடி:

எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்வதால் மறுபக்கத்தையும் சொல்லிவைக்கிறேன். எலிசா பன்னிரண்டு ஏர்பூட்டி உழுதுகொண்டிருந்த நேரத்தில்தான் ஊழியத்துக்கு அழைப்பாக எலியா தீர்க்கதரிசியின் சால்வை அவன்மேல் விழுந்தது. அவன் மாடுகளை அடித்து, ஏரின் மரமுட்டுகளால் அவற்றின் இறைச்சியைச் சமைத்து ஜனங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பின்சென்றான். அறுவடை முடியட்டும் என்று சொல்லவில்லை. ஆகாய் தீர்க்கதரிசியின் காலத்து ஜனங்களோ, ஆலயத்தைக் கட்டுவதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே மச்சுப்பாவிய (மரப்பலகை பதித்த) வீடுகளில் குடியிருந்தார்கள். ஆயத்தம் என்ற பெயரில் நாம் தள்ளிப்போடுவதற்கும் அளவில்லை. “காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான்” என்று பிரசங்கி 11:4 சொல்வதும் ஞான நூலில் உள்ளதுதான்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். ‘முழுநேரம்’ என்ற சொல் நம்முடையது, வேதத்தினுடையது அல்ல. பவுல் கொரிந்துவில் கூடாரம் பண்ணினார் (அப்போஸ்தலர் 18:3). அதனால் அவருடைய ஊழியத்தை யாரும் பகுதிநேர ஊழியம் என்று எண்ணுவதில்லை.

காத்திருப்பவன்:

அனைவருக்கும் நன்றி. ‘திரும்பி வந்தவன்’ கேட்ட கேள்வி நெஞ்சில் தைத்தது. நான் மனைவியிடம் அறிவித்திருந்தேனே தவிரக் கேட்டிருக்கவில்லை. நேற்று இரவு பிள்ளைகள் தூங்கிய பின் இருவரும் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தோம். கடன் பாக்கி, பள்ளிக் கட்டணம், வாரத்தில் எத்தனை நாள் வேலையைக் குறைத்துக்கொள்ள அலுவலகம் சம்மதிக்கும் என்பதை எழுதினோம். அவற்றுக்குக் கீழே, ராஜா நெகேமியாவிடம் கேட்ட கேள்வியை அவள் தன் கையால் எழுதினாள்: எத்தனை நாள் செல்லும்? அந்த வரிக்கு எதிரே இன்னும் எதுவும் எழுதவில்லை. சனிக்கிழமை மாலை மூப்பரையும் நண்பரையும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தாள் மேசைமேல்தான் இருக்கிறது.