ஸ்டைல்லின்ட்ல ப்ராப்பர்ட்டி வரிசை: ஆல்ஃபபெட்டா, க்ரூப்பா?

மழைக்காகிதம்:
எங்க டீம்ல அஞ்சு பேரு, வெப் பக்கத்தோட தோற்றத்துக்கு எழுதுற சிஎஸ்எஸ் கோடை ஆளுக்கொரு மாதிரி எழுதுறோம். ஒருத்தர் கலரை மேல போடுவாரு, இன்னொருத்தர் பொசிஷனை கடைசில கொண்டுபோய் வைப்பாரு. நேத்து ஒரே பட்டனுக்கு பேடிங் ரெண்டு தடவை எழுதியிருந்துச்சு, நடுவுல இருபது வரி, ரிவ்யூல யாரு கண்ணுலயும் படல. கோடை ஒழுங்கா அடுக்குற ப்ரிட்டியர் ஓடுது, சிஎஸ்எஸ்ல தப்பு பிடிக்கிற ஸ்டைல்லின்ட்டும் ஓடுது, ஆனா வரிசைய பத்தி ரெண்டுமே வாயே திறக்கல. ஆல்ஃபபெட் ஆர்டர் வச்சிடலாமா? பழைய ஃபைலே 200க்கு மேல இருக்கு, கை வைக்க பயமா இருக்கு.

பூனைக்கண்:
ப்ரிட்டியர் வரிசைய மாத்தாது ப்ரோ. ஸ்டைல்லின்ட்டுக்கு ஸ்டைல்லின்ட்-ஆர்டர்னு தனி ப்ளக்இன் போடணும், அதுல ஆல்ஃபபெட்டும் வைக்கலாம், நீங்களே ஒரு லிஸ்ட் எழுதியும் குடுக்கலாம். என் ஓட்டு க்ரூப்புக்குத்தான், அதாவது பொசிஷன், சைஸ், கலர்னு சம்பந்தப்பட்டத பக்கத்துல பக்கத்துல வைக்கறது. ஆல்ஃபபெட்ல பாட்டம் மேல போயிடும், டாப் கீழ வந்துடும், ஹைட் நடுவுல நிக்கும், விட்த் கடைசில, ஒரு பாக்ஸை புரிஞ்சுக்க மொத்த ப்ளாக்கையும் மேலயும் கீழயும் தேடணும். லிஸ்ட் எழுத நேரமில்லன்னா ரீசெஸ் ஆர்டர் கான்ஃபிக் ரெடியா இருக்கு, ட்விட்டர்காரங்க முன்னாடி விட்ட ரீசெஸ் டூலோட வரிசை அது. பேடிங் ரெண்டு தடவை வந்தது வேற விஷயம், டூப்ளிகேட் ப்ராப்பர்ட்டிக்கு ஸ்டைல்லின்ட்லயே ரூல் இருக்கு, உங்க கான்ஃபிக்ல அது ஆஃப்ல இருக்கும், பாருங்க.

தெருவிளக்கு:
பழைய ஃபைல்ல கண்ண மூடிட்டு, வரிசைய தானா மாத்துற ஃபிக்ஸ் ஓட்டிடாதீங்க. எனக்கு நடந்தது சொல்றேன், மார்ஜின்-லெஃப்ட் பூஜ்யம்னு போட்டு அதுக்கு கீழ இடது வலது ரெண்டுக்கும் சேத்து மார்ஜின்-இன்லைன் ஆட்டோ இருந்துச்சு, கீழ இருக்கறதுதான் ஜெயிக்கும், பெட்டி அழகா நடுவுல நின்னுச்சு. ஆல்ஃபபெட் ரூல் இன்லைனை மேல ஏத்திடுச்சு, பெட்டி இடது ஓரம் போய் ஒட்டிக்கிச்சு. பார்டருக்கு கீழ பார்டர்-லெஃப்ட் வரணும்ங்கற மாதிரி ஷார்ட்ஹேண்ட் (பல ப்ராப்பர்ட்டிய ஒரே வரில எழுதற சுருக்கம்) கணக்கு அந்த ரூலுக்கு தெரியும், மார்ஜின்-இன்லைனுக்கும் மார்ஜின்-லெஃப்ட்டுக்கும் அந்த ஷார்ட்ஹேண்ட் சொந்தம் இல்லாததால லின்ட்ல ஒரு சத்தமும் இல்ல. லிஸ்ட் நீங்களே எழுதினா பார்டர் கணக்கும் உங்க பொறுப்புதான். அதனால ஃபோல்டர் ஃபோல்டரா ஓட்டி ஸ்க்ரீன்ஷாட் ஒப்பிட்டு பாருங்க. வரிசை மாத்தறத தனி கமிட்டா போடுங்க, வேற ஒரு வரி கூட கலக்காம. அந்த கமிட் ஹேஷை (அதோட அடையாள எண்) இக்னோர்-ரெவ்ஸ் ஃபைல்ல சேத்துட்டா, எந்த வரிய யாரு கடைசியா மாத்தினாங்கன்னு காட்டற கிட் ப்ளேம்ல உங்க பேரு எல்லா வரிலயும் வராது, கிட் 2.23ல இருந்து இந்த வசதி இருக்கு.

மழைக்காகிதம்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். டூப்ளிகேட் ரூல் ஆஃப்லதான் இருந்துச்சு, ஆன் பண்ணதும் பேடிங் மட்டும் இல்ல, இன்னும் நாலு இடம் மாட்டுச்சு. முதல்ல அத சரி பண்ணிட்டு பட்டன் ஃபோல்டர்ல ரீசெஸ் ஓட்டறேன்.